மூன்று மாதம் சொல்லக்கூடாது

எங்கள் வீட்டில் கர்ப்பத்தை மூன்று மாதம் முடியும்வரை வெளியில் சொல்லக்கூடாது. எங்கள் வீட்டில் மட்டுமல்ல, திருவொற்றியூரில் நாங்கள் குடியிருந்த தெருவில் எந்த வீட்டிலும் சொல்ல மாட்டார்கள். சொன்னால் கண்பட்டுக் கலைந்துவிடும். இதை நான் ஒரு காலத்தில் நன்றாகக் கிண்டல் செய்திருக்கிறேன். தண்டையார்பேட்டையில் ஒரு மெட்ரிக் பள்ளியில் தமிழ் டீச்சர் நான், வாய்க்குக் குறைச்சல் இல்லை. ஆனால் முதல் கர்ப்பத்தை நாற்பதாம் நாளே எல்லோருக்கும் சொல்லி, ஸ்டாஃப் ரூமில் ஜாங்கிரி கொடுத்து, ஐம்பத்தைந்தாம் நாள் பறிகொடுத்த பிறகு என் வாய் தானாக மூடிக்கொண்டது. அடுத்தது தங்க நான்கு வருடம் ஆயிற்று.

மாமியார் எண்ணூர் முகத்துவாரக்குப்பத்தில் மூத்த மகனோடு இருந்தார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஒரு பை மீனோடு எங்களைப் பார்க்க வருவார். நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று சொன்னதும் முதலில் போய்க் கதவைச் சாத்தினார்.

“இந்த வாட்டி ஒரு ஈ காக்காக்குத் தெரியக்கூடாது. உங்கம்மாக்கும் இப்ப வாணாம். பஸ்ல குலுங்கிகினு ஸ்கூலுக்குப் போறதும் வாணாம். மூணு மாசம் முடியட்டும், நானே தெரு முழுக்க சொல்றேன்.”

கன்டெய்னர் லாரிகள் தின்று துப்பிய சாலையில்தான் என் பஸ் போகும். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பள்ளியில் முதுகுவலி, டிஸ்க் நகர்ந்திருக்கிறது என்று எழுதிக்கொடுத்து நீண்ட விடுப்பு எடுத்தேன். டிஸ்க் என்று சொன்னால் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் என் கணவர் இயல்பிலேயே பேசாத மனிதர். அவருக்கு ரகசியம் காப்பது ஒரு வேலையே இல்லை.

எனக்குத்தான் கஷ்டமாக இருந்தது. ஏனென்றால் மாடியில் அவள் இருந்தாள். தோழி என்று எழுதினால் பாடப்புத்தகம்போல இருக்கிறது. மாடிக்காரி என்றே எழுதுகிறேன், தெருவில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். என்னைவிட இரண்டு வயது சின்னவள். கன்டெய்னர் யார்டில் லாரிகளை நிறுத்தி எடை பார்க்கும் எடைமேடையில் பில் போடுகிற வேலை. ஒரே மகள், நாலு வயது. என்னைப் பெரியம்மா என்று கூப்பிடும். அவள் வீட்டுக் குழம்பு என் வீட்டுக்கு வரும், என் வீட்டு மாவு அவள் வீட்டுக்குப் போகும். ஆறு வருடத்தில் நாங்கள் ஒருவருக்கொருவர் மறைத்த விஷயம் எதுவும் கிடையாது. இது ஒன்றுதான் முதல்.

எனக்கு ஆறாவது வாரம் நடந்துகொண்டிருந்தபோது ஒரு நாள் காலையில் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கி வந்தாள்.

“நீ வூட்லதான கீறக்கா. ரெண்டு நாளு இவள வச்சிக்கோயேன். லைட்டா உடம்பு சுடுது, பால்வாடில சேக்க மாட்டேன்றாங்க. லீவு கேட்டா சூப்பர்வைசர் பேஜார் பண்றான்.”

“மூஞ்சில இன்னாடி செவந்து கீது?”

“வேர்க்குருக்கா. இந்த வெயிலுக்கு இன்னா வரும்?”

நான் ஒரு நொடி தயங்கினேன். அந்த ஒரு நொடியை இப்போது எத்தனை முறை பிரித்துப் பார்த்துவிட்டேன். என்னால் தூக்க முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் கல்யாணமாகி ஏழு வருடம் குழந்தையில்லாதவள் ஒரு குழந்தையை வேண்டாம் என்று சொன்னால் தெரு அதற்கு வேறு பெயர் வைக்கும். உண்மையான காரணத்தைச் சொல்வதற்கு இன்னும் ஆறு வாரம் இருந்தது. முதுகுவலி என்று சொல்லலாம்தான். அந்தக் குழந்தை அதற்குள் என் பக்கம் கையை நீட்டிவிட்டது.

இரண்டு நாள் மூன்று நாளாயிற்று. என் மடியில் கிடந்தாள், என் தட்டில் சாப்பிட்டாள், நான் கடித்த பிஸ்கட்டின் மீதியைத்தான் தின்பேன் என்று அடம்பிடித்தாள். முதல் நாள் முகத்தில் இருந்த சிவப்பு அடுத்த நாள் முதுகுக்கும் காலுக்கும் இறங்கியது. மணல்வாரி அம்மையாக இருக்குமோ என்று சந்தேகம் வந்தது. உடனே இரண்டு சமாதானங்களும் வந்தன. எனக்கு ஏழு வயதில் மணல்வாரி வந்து போயிருக்கிறது, ஒருமுறை வந்தவர்களுக்குத் திரும்ப வராது. இன்னொன்று, மாடிப்படியில் வேப்பிலை இல்லை. எங்கள் தெருவில் அம்மை வந்த வீட்டுக்கு அதுதான் அறிவிப்புப் பலகை. வாசலில் வேப்பிலைக் கொத்தைச் சொருகிவிட்டால் வெளியாள் உள்ளே வர மாட்டார்கள், உள்ளே இருப்பவர்கள் வேலைக்குப் போக மாட்டார்கள், அடுப்பில் தாளிக்கக்கூட மாட்டார்கள். வயிற்றுப்பிள்ளைக்காரிகள் அந்தப் பக்கத்துச் சுவரோரமாகக்கூட நடக்க மாட்டார்கள். வேப்பிலை இல்லையென்றால் அம்மை இல்லை. டிகிரி படித்து, பி.எட். படித்து, நான் படித்துக்கொண்டது இந்தக் கணக்கைத்தான்.

மூன்றாம் நாள் மாலை குழந்தையின் உடம்பில் சிவப்பெல்லாம் மறைந்துவிட்டது. மாடிக்காரி வெள்ளரிக்காய் வாங்கிக்கொண்டு வந்து எனக்குக் கொடுத்துவிட்டு மகளைத் தூக்கிக்கொண்டு போனாள்.

இரண்டு வாரத்துக்கு மேல் ஆகியிருக்கும். ஒரு நாள் காலையில் விரல் கணுக்கள் வலித்தன, சப்பாத்தி மாவு பிசைய முடியவில்லை. காதுக்குப் பின்னால் பட்டாணி மாதிரி ஏதோ உருண்டது. மறுநாள் கண்ணாடியில் முகம் சிவந்து தெரிந்தது. காய்ச்சல் என்று சொல்லும் அளவுக்குக்கூட இல்லை. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. மீன் பையோடு வாசலில் வந்து நின்ற மாமியார் என்னைப் பார்த்ததும் அந்தப் பையைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தார். வீட்டுக்குள் வந்து தரையில் விழுந்து கும்பிட்டார்.

“ஆத்தா வந்துகிறா. உன் வயித்துல இருக்கறத பாக்க அவளே வந்துகிறாம்மா. இனி ஒரு கொறையும் வராது.”

அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. நான் நம்பினேன். நம்பினேன் என்று எழுதுவதற்கு வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் நம்பினேன். நான்கு வருடம் காத்திருந்தவளிடம் சாமியே வந்து பார்த்துவிட்டுப் போகிறது என்று சொன்னால் யார்தான் நம்ப மாட்டார்கள்? எங்கள் வாசலில் வேப்பிலை ஏறியது. மோரும் இளநீரும் குடித்தேன். மாத்திரை கூடாது, ஆஸ்பத்திரி கூடாது. மூன்றாம் நாள் வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீரைத் தலையில் ஊற்றினார். சிவப்பு மறைந்தது. அந்த மூன்று நாளும் நான் வயிற்றில் கைவைத்துக்கொண்டு சந்தோஷமாகப் படுத்திருந்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியாக நான் இருந்ததே இல்லை.

மூன்று மாதம் முடிந்த மறுநாள் சுகாதார நிலையத்துக்குப் பதிவு செய்யப் போனேன். “இத்தனை நாள் எங்கம்மா இருந்தே?” என்று நர்ஸ் திட்டினார். நோட்டில் எழுதிக்கொண்டே காய்ச்சல், மஞ்சள்காமாலை ஏதாவது வந்ததா என்று கேட்டார். இல்லை என்றேன். பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை. எங்களுக்கு அம்மை ஒரு நோய் இல்லை, வந்துபோகிற சாமி. அதைக் காய்ச்சலோடு ஒரு வரிசையில் சேர்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

மாமியார் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அன்றே தெரு முழுக்கச் சொன்னார். மாடிக்காரி படியில் இறங்கி ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். “எங்கிட்ட கூடவா மறைச்ச?” என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். எத்தனை மாதம் என்று கேட்டாள். மூன்று முடிந்துவிட்டது என்றேன். சிரிப்பு அப்படியே நின்று, பிறகு மறுபடி சிரித்தாள். அப்போது நான் அதைக் கவனித்தேன், என்னவென்று யோசிக்கவில்லை. வளைகாப்பில் முதல் வளையலை அவள்தான் போட்டாள்.

மகள் பிறந்தாள். இரண்டு கிலோகூட இல்லை. உடம்பில் அங்கங்கே ஊதா நிறத்தில் சின்னச் சின்னப் புள்ளிகள். முதலில் என் பக்கத்தில் வைத்தபோது கண்ணைத் திறக்கவில்லை. அடுத்த நாள் திறந்தாள். வலது கண்ணின் நடுவில், கறுப்பாக இருக்க வேண்டிய இடத்தில், பால் துளி விழுந்ததுபோல் வெள்ளையாக இருந்தது. அழகாகத்தான் இருந்தது. அப்படித்தான் நினைத்தேன்.

அரசு ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டில் ஆண்களை விட மாட்டார்கள். எனக்குத் துணையாக இருந்தது மாடிக்காரி. குழந்தைகள் டாக்டர் வந்தார், இளம்பெண். கண்ணில் டார்ச் அடித்தார், நெஞ்சில் குழாயை வைத்து நீண்ட நேரம் கேட்டார். காதில் ஒரு சின்னக் கருவியைச் செருகிப் பார்த்தார், ஒருமுறைக்கு இரண்டுமுறை. பிறகு என் கட்டிலில் உட்கார்ந்தார். டாக்டர்கள் கட்டிலில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

“முதல் மூணு மாசத்துல உடம்புல செவப்பா ரேஷ் ஏதாவது வந்துச்சாம்மா? லேசா காய்ச்சல், காதுக்குப் பின்னாடி நெறி கட்டுறது, அந்த மாதிரி?”

நான் வாயைத் திறக்குமுன் கட்டிலின் கால்மாட்டில் டம்ளர் விழுந்தது. மாடிக்காரியின் கையிலிருந்துதான். குனிந்து அதை எடுத்தவள் நிமிரவே இல்லை, தரையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

வந்தது என்றேன். டாக்டர் பொறுமையாகச் சொன்னார். அதன் பெயர் ரூபெல்லா. மீசில்ஸ் என்கிற மணல்வாரி வேறு, இது வேறு. ஒன்று வந்துபோனது இன்னொன்றைத் தடுக்காது. குழந்தைகளுக்கு வந்தால் மூன்று நாள், பெரியவர்களுக்கு வந்தாலும் மூன்று நாள், தடமில்லாமல் போய்விடும். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் வந்தால் மட்டும் உள்ளே இருக்கும் பிள்ளையைப் பிடித்துக்கொள்ளும். அந்தச் சமயத்தில்தான் கண்ணும் காதும் இருதயமும் உருவாகிக்கொண்டிருக்கும்.

எந்த மூன்று மாதம் சொல்லக்கூடாதோ அதே மூன்று மாதம். டாக்டர் பேசிக்கொண்டே போனார், நான் இதிலேயே நின்றுவிட்டேன்.

இதற்கு ஊசி இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது, ஆனால் கர்ப்பத்துக்கு முன்பே போட்டிருக்க வேண்டும், கர்ப்பத்தில் போடக்கூடாது என்றார். எங்கள் காலத்தில் குழந்தைகளுக்குப் போட்டது மணல்வாரிக்கான ஊசி மட்டும். இரண்டையும் சேர்த்த ஊசி பள்ளிகளுக்கு வந்தபோது நான் கரும்பலகைக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டேன். என் வகுப்புப் பிள்ளைகளின் ஒப்புதல் படிவங்களை வாங்கி அடுக்கி வைத்தவள் நான். வாட்ஸப்பில் வந்ததை நம்பிக் கையெழுத்துப் போடாத அப்பா அம்மாக்களை வரவழைத்து நாலு வார்த்தை கேட்டவளும் நான்தான். நான் அந்த ஊசியைப் போட்டிருக்கிறேனா என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. மாடிக்காரியின் மகளுக்கு ஒன்பதாம் மாத ஊசி ஊரடங்கில் விட்டுப்போனது எனக்குத் தெரியும். அடுத்த ஊசியும் அப்புறம், அப்புறம் என்று தள்ளிப்போனதும் தெரியும். ஒருநாள் சுகாதார நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று நானே சொல்லியிருந்தேன்.

அன்று வார்டில் மாடிக்காரி அந்த டம்ளரைக் கழுவி வந்து பால் ஊற்றிக் கொடுத்தாள், நான் வாங்கிக் குடித்தேன். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்துவிட்டது என்பது அவளுக்கும் தெரியும். என் கணவருக்குச் சொல்லவில்லை. பேசாத மனிதர்தான், ஆனால் இதைக் கேட்டால் மாடி ஏறிப் போய்விடுவார் என்று பயந்தேன். அவரிடம் பிறவியிலேயே இப்படி என்று மட்டும் சொன்னேன்.

ஒரே காரியம்தான் எங்கள் முன் இருந்தது. இருதயத்தில், பிறந்ததும் மூடிக்கொள்ள வேண்டிய ஒரு குழாய் மூடவில்லை. அதை அடைக்கலாம், அடைத்துவிட்டால் பிழைப்பாள். கண்ணுக்கும் காதுக்கும் பிறகு வழி பார்க்கலாம். ஆனால் மருந்துகளால் சமாளித்துக்கொண்டு குழந்தை நாலரை கிலோ வர வேண்டும், அப்போதுதான் அவளுக்குச் செய்ய முடியும் என்றார்கள். நாலரை கிலோ. பக்கத்து வீட்டுக் குழந்தைகளெல்லாம் கேட்காமலேயே வருகிற எடை.

பால் குடித்தால் அவளுக்கு மூச்சு வாங்கும். நெற்றியில் முத்து முத்தாக வியர்க்கும். நாலு வாய் குடித்துவிட்டுக் களைத்துத் தூங்கிவிடுவாள். பாலைப் பீய்ச்சிப் பாலாடையில் ஊற்றிச் சொட்டுச் சொட்டாகக் கொடுப்பேன், அரை மணி நேரம் ஆகும், அடுத்த வேளை வந்துவிடும். வாரம் ஒருமுறை ஆட்டோவில் போய் எடை பார்ப்போம். ஆட்டோவில் என் பக்கத்தில் எப்போதும் மாடிக்காரி. வேலைக்குப் பாதி நாள் லீவு போட்டு வந்தாள். சூப்பர்வைசர் இப்போது பேஜார் பண்ணவில்லையா என்று கேட்க நாக்கு நுனிவரை வரும், விழுங்கிக்கொள்வேன். சுகாதார நிலையத்துத் தராசில் குழந்தையைக் கிடத்தியதும் அவள்தான் குனிந்து முள்ளைப் பார்ப்பாள். லாரிகளை எடைபோட்டுப் பழகிய கண். “ஏறிக்கிதுக்கா” என்பாள், ஐம்பது கிராம் ஏறியிருந்தாலும்.

குழந்தையின் துணிகளை எல்லாம் அவள்தான் துவைத்தாள். நான் துவைக்க விட்டேன். உடம்புக்கு முடியவில்லை என்பதால் இல்லை. அவள் குழாயடியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து துவைப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பேன், துவைடி, நல்லா துவை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே. தன் மகளை மட்டும் அவள் கீழே கூட்டிக்கொண்டு வருவதில்லை. அந்தக் குழந்தை மாடிக் கைப்பிடிச் சுவரின் ஓட்டை வழியாக “பெரிம்மா” என்று கூப்பிடும். நான் உள்ளே போய்விடுவேன். ஒரு பாவமும் அறியாத ஐந்து வயதுக் குழந்தையிடமிருந்து ஓடி ஒளிந்தவள் நான்.

டாக்டர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். இந்தக் கிருமி குழந்தையின் உடம்பில் ஒரு வருடம்வரைகூட இருக்கும், கர்ப்பிணிகள் யாரும் தூக்க வேண்டாம். எப்படி வந்தது என்று சொல்லாமல் இதை மட்டும் நானே தெருவில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். ஆனால் யார் கர்ப்பிணி என்று யாருக்குத் தெரியும்? வயிறு தெரிகிறவர்கள் வரவில்லை. வயிறு தெரியாதவர்கள் வராமல் இருந்தால் ரகசியம் வெளிப்பட்டுவிடுமே. எதிர்வீட்டுக்குப் புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண் ஒரு நாள் பால் பவுடர் டப்பாவோடு வந்தாள். தூக்கட்டுமா என்று கேட்டாள், ஆனால் கை இரண்டும் முந்தானைக்குள்ளேயே இருந்தன. இப்போதுதான் தூங்கினாள், எழுப்பாதே என்று சொல்லி அனுப்பினேன். அவள் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்த்து எனக்கு ஆத்திரமாக வந்தது.

என் மகளுக்குக் காது கேட்காது. வாசலில் கன்டெய்னர் லாரி ஹாரன் அடித்தால் தெருவே திடுக்கிடும், அவள் தூங்குவாள். தமிழ் டீச்சருக்குப் பிறந்த பிள்ளைக்கு ஒரு சொல்லும் கேட்காது. ஆனால் அவள் கன்னத்தை என் நெஞ்சில் ஒட்டிவைத்துக்கொண்டு பேசினால் அசையாமல் இருப்பாள். நான் நிறுத்தினால் முகத்தைச் சுளிப்பாள். குரலின் அதிர்வு தெரிகிறது என்று கண்டுபிடித்த நாளிலிருந்து ஓயாமல் பேசினேன். பேச விஷயம் தீர்ந்துபோனால் பத்தாம் வகுப்புச் செய்யுட்களை ஒப்பித்தேன், அதுவும் தீர்ந்தால் மளிகைச் சாமான் பட்டியல். ஆறாம் மாதத்தில் ஒரு நாள், துவரம்பருப்பு ஒரு கிலோ என்று சொல்லிக்கொண்டிருந்தபோது சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்கு இருக்கிறது. அதை யாரும் எடுத்துக்கொண்டு போக முடியாது.

ஏழாம் மாதம் நாலு கிலோ முந்நூறு வந்தாள். அடுத்த மாதம் தேதி கொடுத்துவிடலாம் என்றார்கள். என் கணவர் அன்றைக்குத்தான் முதல்முறையாக மகளைத் தூக்கிக்கொண்டு தெருமுனைவரை போய்வந்தார். அந்த வாரமே சளி பிடித்தது. மூன்றாம் நாள் சளி நெஞ்சுக்கு இறங்கியது, ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஐந்தாம் நாள் மதியம், சாப்பாட்டு வண்டி வார்டுக்குள் வந்துகொண்டிருந்த நேரத்தில், போய்விட்டாள். என் நெஞ்சில்தான் இருந்தாள். நான் பேசிக்கொண்டுதான் இருந்தேன். எந்தச் சொல்லில் போனாள் என்று எனக்குத் தெரியவில்லை.

காரியமெல்லாம் முடிந்து கிளம்பும்போது மாமியார் என் தலையைத் தடவினார். அழுது அழுது அவருக்குக் குரலே இல்லை.

“கண்ணு பட்டுப்போச்சிம்மா. நான்தான் தப்பு பண்ணிட்டேன், மூணு மாசத்துல சொல்லிட்டேன். அடுத்த வாட்டி அஞ்சு மாசம் வரிக்கும் வாய தொறக்காத.”

அவருடைய பையை எடுத்துக் கொடுத்தேன். ஆத்தா வந்து பார்த்தாள் என்று சந்தோஷப்பட்ட மனுஷியிடம் அந்த மூன்று நாளில் என்ன நடந்தது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. டாக்டர் என் ரத்தத்தைச் சோதித்துவிட்டு, எனக்கு இப்போது ரூபெல்லாவுக்கு எதிர்ப்புச் சக்தி இருக்கிறது, இனிமேல் பயமில்லை, அடுத்த குழந்தைக்கு ஒன்றும் ஆகாது என்றார். நல்ல செய்தியாகத்தான் சொன்னார். வீட்டுக்கு வந்து அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன்.

மகள் போய் ஒரு மாதம் ஆகியிருக்கும். ஒரு நாள் காலை பத்து மணிக்கு மாடிக்காரி வந்தாள். வேலைக்குப் போகவில்லை. கதவருகிலேயே நின்றாள்.

“நாள் தள்ளிப்போயிக்குதுக்கா. அம்பது நாளு ஆவுது. யாருக்கும் சொல்லல. அவருக்கும் சொல்லல. உனக்குத்தான் மொத மொத சொல்றேன்.”

எனக்குக் கணக்குப் போட நேரம் ஆகவில்லை. அவள் வயிற்றில் அது தங்கிய நாட்களில் என் மகளை அவள் ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள், தோளில் போட்டுத் தட்டியிருக்கிறாள், வாயைத் துடைத்திருக்கிறாள்.

“பயமா கீதுக்கா” என்றாள். பிறகு, நான் கேட்காமலேயே, ஒன்றரை வருடமாக எங்களுக்கு நடுவில் கிடந்ததை எடுத்தாள். “அன்னிக்கி எனக்குத் தெரியும். மொத நாளு தெரியாது. சாயந்தரம் ட்ரெஸ் கழட்டசொல்ல பாத்தேன், அம்மைன்னு தெரிஞ்சிப்போச்சி. வேப்பில கட்டுனா ஒரு வாரம் வேலைக்குப் போவ முடியாது, வேற ஆளப் போட்டுருவான். கட்டல. உனக்கு புள்ளகூட இல்லியே, உனக்கு இன்னா ஆயிடப் போவுதுன்னு நெனச்சிட்டேன். நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா அந்தப் படிய எறங்கியே வந்திருக்க மாட்டேங்க்கா.”

ஒரு வார்த்தை. அவளும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் கதவைத் திறந்திருக்க மாட்டேன். அவளைத் திட்டுவதற்காக நான் எத்தனையோ நாள் தனியாகப் பேசிப் பழகியிருந்தேன், வாக்கியங்கள்கூடத் தயாராக இருந்தன. செருப்பைப் போட்டுக்கொண்டு, வா என்றேன்.

சுகாதார நிலையத்து டாக்டர் எழுதிக்கொடுத்த சோதனைக்கு மார்க்கெட் பக்கம் ஒரு லேபில் ரத்தம் கொடுத்தோம். மறுநாள் மாலை நானும் அவளும் போய் உறையை வாங்கினோம். லேபுக்கு வெளியே ஒரு மூடிய கடையின் படியில் உட்கார்ந்தோம். லாரி லாரியாக எண்களைப் படிப்பவள், உறையை என் மடியில் போட்டாள்.

“நீயே பிரிக்கா. நீ சொன்னா தாங்கிக்குவேன்.”

முன்பே வந்துபோய் அவள் உடம்பில் எதிர்ப்பு இருந்தால் குழந்தை தப்பிக்கும். இல்லையென்றால், என் மகளிடமிருந்து அது அவளுக்குப் போயிருக்கலாம். உறையின் ஓரத்தைக் கிழித்தேன். தாளை வெளியில் இழுப்பதற்கு முன் ஒரு நொடி, இல்லை என்று இருக்கட்டும் என்று நினைத்தேன். தவறி வந்த நினைப்பு இல்லை, முழுசாக நினைத்தேன். அவளும் பாலாடையில் ஊற்றட்டும், அவளும் தராசைக் குனிந்து பார்க்கட்டும், அப்போது அவள் பிள்ளையின் துணியை நான் துவைத்துக் கொடுக்கிறேன் என்றுகூட நினைத்தேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

தாளில் இருந்தது. பழைய எதிர்ப்பு இருக்கிறது, புதிதாகத் தொற்றியதற்கு அடையாளம் இல்லை.

“இருக்குடி. உனக்கு வராது. புள்ளைக்கு ஒண்ணும் ஆகாது” என்றேன்.

அவள் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கிற அளவுக்கு அழுதாள். நீ தெய்வம்க்கா, நீ தெய்வம் என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். நான் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தபடி உட்கார்ந்திருந்தேன்.